விளக்கு வென்ற நாட்டில் வாக்கெடுப்புக் கேட்காதீர்கள்

மன்னார்த் தீவில் காற்றாலை வேண்டாம் என்று சனம் தெருவில் குந்திய நாள் முதல் ஒரு பேச்சு எங்கள் அரிப்புக் கிராமம் வரைக்கும் வந்துவிட்டது. "ஏன் இந்த அலைச்சல்? ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைக்கச் சொல்லுங்கோ. ஆமோ இல்லையோ தெரிஞ்சிடும்." போன கிழமை எங்கள் மீன்பிடிச் சங்கக் கூட்டத்திலும் ஒரு தம்பி எழும்பி நின்று இதையே சொன்னார். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் தலையாட்டினார்கள். தம்பிக்கு வயது காணாது, அவரை விட்டுவிடலாம். 1982ஐக் கண்ணால் கண்டவர்கள் எப்படி ஐயா தலையாட்டுகிறீர்கள்?

இந்த நாடு தன் வரலாற்றிலேயே ஒரு முறைதான் சர்வசன வாக்கெடுப்பு நடத்தியது. 1982 டிசம்பர் 22. கேட்ட கேள்வி இதுதான்: 1977 யூலையில் தெரிவான நாடாளுமன்றம், பொதுத் தேர்தல் இல்லாமலே, 1989 ஓகஸ்ட் வரை இருக்கலாமா? இருக்கலாம் என்பவருக்கு விளக்குச் சின்னம், கூடாது என்பவருக்குக் குடம். 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ அள்ளியிருந்தது. 1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவுக்கு விழுந்தது 52.9 வீதம். அந்தக் கணக்கோடு விகிதாசாரத் தேர்தலுக்குப் போனால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை பறந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் தேர்தலைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார்.

அதையாவது நேராக நடத்தினாரா? அவசரகாலச் சட்டம் அமுலில் இருந்தது. எதிர்க்கட்சியின் விஜய குமாரதுங்க சிறைக்குள்ளே. எதிர்ப்பிரசுரம் அடித்த பிக்குகளின் துண்டுப் பத்திரங்களைப் பொலிஸ் பறித்தது. பறித்த அதிகாரி அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, அரசாங்கம் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. முடிவு வந்தபோது விளக்குக்கு 54.66 வீதம். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டிருந்தார்கள். மன்னார் அடங்கிய வன்னியிலும் குடம்தான் வென்றது. நாங்கள் போட்ட குடத்துக்கு ஒரு சல்லிக்காசு மதிப்பு இருந்ததா? ஏழு மாதத்தில் கறுப்பு யூலை. அதற்கடுத்த மாதம், மக்கள் ஆணை பெற்ற அதே நாடாளுமன்றம், பிரிவினையை ஆதரிக்கமாட்டோம் என்று சத்தியம் கேட்கும் ஆறாம் திருத்தத்தை நிறைவேற்றியது. அந்தச் சத்தியத்தைச் செய்யாத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனம் இழந்தார்கள். 1989 வரை எங்களுக்காகப் பேச அங்கே அவர்கள் இல்லை. வாக்கெடுப்பு எங்களுக்குத் தந்த பரிசு அது.

இப்போது அதே வாக்கெடுப்பைக் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் கேட்கிறார்கள். யாரிடம் கேட்கிறார்கள்? அரசியலமைப்பின் 86ஆம் உறுப்புரையைப் புரட்டிப் பாருங்கள். தேசிய முக்கியத்துவம் உள்ள ஒரு விடயத்தைச் சர்வசன வாக்கெடுப்புக்கு விடுகிற அதிகாரம் ஜனாதிபதிக்கு. முசலிப் பிரதேச சபைக்கு அந்த அதிகாரம் இல்லை. மன்னார் நகர சபைக்கும் இல்லை. ஊரளவில், மாவட்டமளவில் வாக்கெடுப்பு வைக்க இந்த நாட்டில் சட்டமே கிடையாது. அந்த உறுப்புரையின்படி வைத்தால் முழு நாட்டுக்கும் வைக்கவேண்டும். 2024இல் நாட்டின் வாக்காளர் 1 கோடி 71 இலட்சம் பேர். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றையும் சேர்த்த வன்னியில் 3 இலட்சத்துச் சொச்சம். "நாட்டுக்கு மலிவான மின்சாரம் வேண்டுமா?" என்று ஜனாதிபதி கேள்வியை எழுதினால் காலியும் குருநாகலும் என்ன சொல்லும்? தலைமன்னாரும் பேசாலையும் நூற்றுக்கு நூறு குடத்துக்குப் போட்டாலும் விளக்குத்தான் வெல்லும். இதுவரை தெருவில் நின்று "எங்களைக் கேட்காமல் செய்தீர்கள்" என்றாவது சொல்லலாம். வாக்கெடுப்புக்குப் பிறகு அதையும் சொல்ல முடியாது. கேட்டாயிற்று, தோற்றாயிற்று, வீட்டுக்குப் போ என்பார்கள்.

எங்கள் முசலியையே எடுங்கள். 2017 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மொஸ்கோவில் இருந்துகொண்டு ஒரு வர்த்தமானியில் கையெழுத்திட்டார். மாவில்லு பேணற்காடு, 40,030 ஹெக்டயர். மறிச்சுக்கட்டிச் சனம் கொத்திய தோட்டமும் உழுத வயலும் ஒரு கையெழுத்தில் காடாகிப் போயின. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக விரட்டியதால் அந்த நிலம் பற்றை பிடித்துக் கிடந்தது. திரும்பி வந்து துப்பரவாக்கியவர்களைக் காடழித்தவர்கள் என்றார்கள். "வில்பத்துக் காட்டைக் காப்பாற்றுவோமா?" என்று அன்று ஒரு வாக்கெடுப்பு வைத்திருந்தால் முடிவு என்னவென்று யாராவது என்னிடம் கேட்பீர்களா? மறிச்சுக்கட்டியைக் கண்ணால் காணாதவர்கள் நல்ல மனதோடு விளக்குக்குப் புள்ளடி போட்டிருப்பார்கள்.

சரி, மாவட்டத்துக்குள் மட்டும் வைப்போம் என்கிறீர்கள். அப்போது யார் மன்னார்க்காரர்? விரட்டப்பட்டுப் புத்தளத்தில் பிள்ளை பெற்றுப் பேரப்பிள்ளை கண்டவர் மன்னார்க்காரரா இல்லையா? 2019 நவம்பர் 16, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்க வந்த முஸ்லிம்களின் பஸ்களை வழியில் மறித்து அடித்தார்கள், சுட்டார்கள். வாக்குச் சாவடிக்கு வரும் பாதையே இப்படி இருக்கும்போது பெட்டிக்குள் நியாயம் எங்கிருந்து பிறக்கும்?

வாக்கெடுப்பு நாளைக் குறிப்பவன் கையிலும் ஒரு தடி இருக்கிறது. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தம், வடக்கோடு இணைந்திருப்பதா என்று கிழக்கு மக்களிடம் 1988 டிசம்பர் 31க்குள் வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொன்னது. அந்த வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. ஜனாதிபதிகள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது. அத்தோடு கதை முடிந்தது. தங்களுக்கு வேண்டுமென்றால் 1982 போல இரண்டு மாதத்தில் வைப்பார்கள், வேண்டாமென்றால் பத்தொன்பது வருடமானாலும் வைக்கமாட்டார்கள்.

உடனே சுவிஸ் உறவினரின் குரல் தொலைபேசியில் வரும்: "இங்க எல்லாத்துக்கும் வாக்கெடுப்புத்தான் அண்ணை, எவ்வளவு அழகா நடக்குது." அழகுதான். அந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று 1959இல் ஆண்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் மாட்டோம் என்றார்கள். 1971இல்தான் மனமிரங்கினார்கள். எங்கள் பாட்டிமார் 1931இலேயே வாக்குப் போட்டார்கள், எந்த ஆம்பிளையிடமும் வாக்கெடுப்பு வைக்காமல். 2009இல் அதே சுவிஸ் புதிய பள்ளிவாசல் கோபுரங்களைக் கட்டக்கூடாது என்று 57 வீதத்தால் தீர்மானித்தது. சிறுபான்மையின் உரிமையைப் பெரும்பான்மையின் பெட்டிக்குள் போட்டால் உலகத்தில் எங்கேயும் இதுதான் நடக்கும்.

மன்னாரில் இதுவரை கிடைத்த எதுவும் வாக்கெடுப்பால் கிடைத்ததில்லை. அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் மன்னார்க் காற்றாலைத் திட்டத்திலிருந்து பின்வாங்கியது, வழக்கும் விலைத் தகராறும் நெருக்கியபோது. அதே வருடம் ஓகஸ்டில் புதிய காற்றாலை வேலைகளை ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்தினார், சனம் வீதியை விட்டு எழும்பாததால். செப்டெம்பர் 26 இரவு போராடிய சனத்தைப் பொலிஸ் அடித்தது. 29ஆம் திகதி மன்னார் முழுவதும் கடையடைத்தது. அடிவாங்கி நின்ற அந்தச் சனத்திடம் போய் "பெட்டியில் போடுங்கோ" என்று புத்தி சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

முள்ளிக்குளம் மக்கள் 2007இல் ஊரை விட்டு எழும்பிப் போனவர்கள். 2017இல் கடற்படை தான் பிடித்திருந்த அவர்கள் நிலத்தில் 100 ஏக்கரை விடுவதாக ஒத்துக்கொண்டது அவர்கள் முகாம் வாசலில் கிடந்து போராடிய பிறகு. மீதி நிலம்? அதைக் கேட்க ஒரு மாகாண சபை கூட எங்களுக்கு இல்லை. உள்ளூராட்சித் தேர்தலைப் பாருங்கள்: 2023 மார்ச் 9க்கு நாள் குறித்துவிட்டுக் காசில்லை என்று நிறுத்தினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்னது. தேர்தல் வந்தது 2025 மே 6. சாதாரணத் தேர்தலையே வைக்கமாட்டாதவர்களிடம் போய் வாக்கெடுப்புக் கேட்கிற பெருந்தன்மை எங்களுக்கு எதற்கு?

கேட்கவேண்டியதைக் கேட்போம். மண்ணையும் கடலையும் தொடுகிற எந்தத் திட்டத்துக்கும் அந்த ஊராரின் எழுத்திலான சம்மதம் முதலில் வேண்டும். சுற்றாடல் அறிக்கை ஊரில், தமிழில், கடற்றொழிலுக்குப் போகாத நாளில் படித்துக் காட்டப்படவேண்டும். பிரதேச சபை மறுத்தால் அந்த மறுப்புக்குச் சட்ட வலு வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், மாகாண சபைத் தேர்தல் வேண்டும். வடக்கு கடைசியாக அதற்கு வாக்களித்தது 2013 செப்டெம்பர் 21. சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர்தான் ஆள்கிறார். வாக்கெடுப்புக்குக் கையெழுத்து வாங்க யாராவது உங்கள் படலைக்கு வந்தால், அந்தத் தாளை வாங்கி மாகாண சபைத் தேர்தல் என்று திருத்தி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.