கலங்கிய சலமும் கண்மூடித்தனமான மருந்தும்

"பையில் சலம் கலங்கினால் கிருமி. உடனே அன்ரிபயோட்டிக் எடுங்கோ." கனடாவின் ஸ்காபரோவில் முதியோருக்கு உடல்நலப் பேச்சு நடத்துகிற பலர் ஆண்டுக்கணக்காக இதையே சொல்லி வருகிறார்கள். வீடு வீடாகப் போய்க் கதீற்றர் (சலத்தை வடிக்கச் சலப்பைக்குள் விடும் குழாய்) மாற்றும் நேர்ஸ் நான். இந்தப் பேச்சால் வரும் கேட்டைக் கண்ணால் பார்ப்பதால் எழுதுகிறேன்.

இதே பேச்சுகளில், கதீற்றர் போட்டால் உடுப்பு நனையாது, கவலை விட்டது என்றும் சொல்கிறார்கள். நனைவது மட்டுமே காரணமென்றால் பெரும்பாலும் அதைப் போடவே தேவையில்லை.

ஒழுகினால் பெரிய குழாய் போடச் சொல்கிறார்கள். பருத்த குழாய் சலவழியைப் புண்ணாக்கும். மலச்சிக்கல், மடிந்த குழாய், அடைப்பு, சலப்பையின் இறுக்கம் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி அந்தக் கிருமிக் கதை. ஒரு மாதம் கதீற்றரோடு இருக்கும் ஏறத்தாழ எல்லோருடைய சலத்திலும் கிருமி இருக்கும். அவை குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலமாகப் படிந்துவிடும். மருந்து அதற்குள் சரியாகப் புகாது. தொல்லை தராத கிருமியைத் துரத்த மாத்திரை கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமி அந்த இடத்தைப் பிடிக்கும். அன்ரிபயோட்டிக்கால் வயதானவருக்கு சி. டிஃபிசீல் என்ற குடற்கிருமியின் வயிற்றோட்டம் வந்தால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் சலம் மங்கும், மணக்கும். பை ஊதா நிறமானாலும் அதற்காக மட்டும் மருந்து வேண்டாம். மலச்சிக்கல் உள்ளவர்களிடம் அது வருவதுண்டு.

தெளிவான அறிகுறி இல்லாமல் முதியோர் இல்லங்களில் சலப் பரிசோதனையே செய்யாதீர்கள் என்கிறது, தேவையற்ற பரிசோதனைகளையும் சிகிச்சைகளையும் குறைக்க 2014இல் தொடங்கிய 'சூசிங் வைஸ்லி கனடா' இயக்கம். கதீற்றர் உள்ளவரிடம் பார்க்க வேண்டியவை காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாவின் பின்புற நோவு, திடீரென வந்த புத்தித் தடுமாற்றம். இவற்றில் ஒன்று வந்தால் அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். பரிசோதனை தேவையென்றால் பழைய குழாயைக் கழற்றிப் புதியது போட்டு, அதிலிருந்து சலம் எடுக்க வேண்டும். பையில் தேங்கியதை எடுத்துச் சோதித்தால் பைக்குள் பெருகிய கிருமியைத்தான் காண்போம்.

மாதம் ஒருமுறை நேர்ஸ் வந்தால் போதும், மற்றதை வீட்டார் பார்ப்பார்கள் என்பது கடைசி வாதம். பார்ப்பார்கள், யாராவது பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தால். பை சலப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் முட்டக்கூடாது. நிரம்புமுன் வடிக்க வேண்டும். குழாய் இழுபடாமல் தொடையில் ஒட்ட வேண்டும். அவசரத்தில் மாற்றிவிட்டு ஓடும் வருகையில் இதைக் கற்பிக்க முடியாது.

பையைப் பார்த்து மருந்து கேட்பதை விடுங்கள். ஆளைப் பாருங்கள். மாற்ற வரும் ஒவ்வொரு முறையும், "இந்தக் குழாய் இன்னும் தேவையா?" என்று எங்களைக் கேளுங்கள். பதில் சொல்வது எங்கள் கடமை.