பன்னீர் திராட்சைக்கு இன்னொரு வழி

காரைக்கால் பகுதியின் அம்பகரத்தூர் வயலில் திராட்சைப் பந்தல் போடச் சொன்னால் அது தவறான யோசனை. களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் தேங்கினால் கொடியின் வேர் அழுகிவிடும். அந்த மண்ணுக்கு நெல்லும் உளுந்தும்தான் சரி.

திராட்சைக்கு ஏற்ற நிலம் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கவாத்து செய்யும் காலத்தை மாற்றி ஆண்டு முழுவதும் அறுவடை செய்கிறார்கள் அங்குள்ள சிறு விவசாயிகள். இத்தனை திறமை இருந்தும், விலை அவர்கள் கையில் இல்லை. பழத்தின் தோல் மெல்லியது. அறுவடை நேரத்து மழையில் வெடித்துவிடும், பறித்த பிறகும் அதிக நாள் தாங்காது. வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்தாக வேண்டும்.

அதே பழத்தை ஒயினாக்கினால், அது கெடாமல் காத்திருக்கும். ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். குடும்பத் தோட்டத்திலேயே செய்யக்கூடிய வேலைதான். தடையாக நிற்பது உரிமம். மகாராஷ்டிரா 2001இலும் கர்நாடகா 2007இலும் ஒயினுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தன. பழ ஒயின் தயாரிக்கும் சிறு கூடங்களுக்குக் கேரளம் 2022இல் விதிகள் கொண்டுவந்தது.

குடியால் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் தயங்குவது நியாயமே. அதனால்தான் அளவுக்கு உச்சவரம்பும் கடுமையான தரச்சோதனையும் வேண்டும். தேனி மாவட்டத்து ஆனைமலையான்பட்டியில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விவசாயிகளுக்கான நொதிப்புப் பயிற்சியைத் தமிழக அரசு அங்கேயே தொடங்கலாம்.