ஓட்டு எண்ணும் இரவில் பறிபோகும் வேலை

2024 ஜூலை 4ந் தேதி பிரிட்டனில் பொதுத் தேர்தல் நடந்தது. 2019ல் 365 ஸ்தானங்களைப் பிடித்து ஆண்டுவந்த கன்சர்வேடிவ் கட்சிக்கு இம்முறை கிடைத்தவை 121 தான். மாஜிப் பிரதமர் லிஸ் டிரஸ் கூட 630 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அக்கட்சியின் தோல்விக்காக நாம் கண்ணீர் விடப் போவதில்லை. மெம்பரை வீட்டுக்கு அனுப்புவது ஜனங்களின் உரிமை. ஆனால் அன்றிரவு மெம்பரோடு சேர்ந்து வேலையிழந்த ஒரு கூட்டம் உண்டு. அவர்களை எந்த ஓட்டரும் தள்ளவில்லை.

பார்லிமெண்ட் மெம்பர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு ஆபீஸ் இருக்கிறது. கடிதப் போக்குவரத்தைப் பார்க்கிறவர், விவரம் திரட்டித் தருகிறவர், தொகுதியில் உட்கார்ந்து மனுக்களைக் கவனிக்கிறவர் என்று சிலர் வேலை செய்கிறார்கள். குடியிருக்க வீடு இல்லை, பென்ஷன் நின்றுவிட்டது, விசா வரவில்லை என்று வருகிற ஏழைபாழைகள் முதலில் பார்ப்பது இவர்கள் முகத்தைத்தான். இவர்களுக்குச் சம்பளம் பொதுப்பணம். 2009ம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட 'இப்சா' என்ற ஸ்தாபனம் அதைப் பட்டுவாடா செய்கிறது.

அப்படியானால் எஜமானர் யார்? பார்லிமெண்டா? இல்லை. இப்சாவா? அதுவும் இல்லை. அந்தந்த மெம்பர்தான் எஜமானராம்! 650 மெம்பர்கள், 650 எஜமானர்கள். மில்லில் காண்டிராக்டர் மூலம் வேலைக்குப் போகும் தோழருக்கு இந்த வித்தை புதிதல்ல. பணம் ஓரிடத்திலிருந்து வரும். பாத்யதை என்று கேட்டால் வேறிடத்தைக் காட்டுவார்கள்.

மெம்பர் தோற்றால் எஜமானர் ஒழிந்தார், வேலையும் ஒழிந்தது. தோற்ற மெம்பருக்கு, சர்வீஸ் நிபந்தனைப்படி, பதவியிழப்புத் தொகை உண்டு. ஆபீசைக் கட்டி முடிக்க நான்கு மாதச் சம்பளமும் உண்டு. சிப்பந்திக்கு நோட்டீஸ்! இரண்டு வருஷ சர்வீஸ் பூர்த்தியாகாதவர் ஆட்குறைப்பு நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் இடமில்லை. மிச்சமிருக்கும் நாட்களில் தான் வேலை பார்த்த ஆபீசைத் தானே காலி செய்து பூட்ட வேண்டும்.

தேர்தல் எப்போது என்பதாவது முன்கூட்டித் தெரியுமா? மே 22ந் தேதி மழையில் நனைந்துகொண்டே பிரதமர் ரிஷி சுனக் அறிவித்தார். ஆறு வாரத்தில் ஓட்டுப்பதிவு. பொதுப்பணத்தில் சம்பளம் வாங்கும் நேரத்தில் கட்சிப் பிரசாரம் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். ஆகவே சிப்பந்தி தன் சொந்த லீவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டப் போகிறார். மெம்பருக்கு ஓட்டுக் கேட்கிறாரா, தன் அடுத்த மாதச் சம்பளத்தைக் கேட்கிறாரா?

"இவர்கள் அரசியல் ஆட்கள், புது மெம்பருக்குத் தன் நம்பிக்கையான ஆள் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும்தான். மந்திரிகளுக்கு யோசனை சொல்லும் நூற்றுக்கு மேற்பட்ட விசேஷ ஆலோசகர்கள் மந்திரியோடு வந்து மந்திரியோடு போகிறவர்கள். அது தெரிந்தே வருகிறார்கள். ஆனால் ஒரு கிழவியின் பென்ஷன் மனுவை எழுதிக்கொடுப்பதில் கட்சி எங்கே வந்தது? ஆபீஸ் மூடும்போது அந்த மனுக் கட்டுகள் அடுத்த மெம்பரிடம் தாமாகப் போய்ச் சேர்வதில்லை. மனுதாரர் சம்மதிக்க வேண்டும். விஷயம் தெரிந்த குமாஸ்தா போய்விடுகிறார். கிழவி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

மந்திரிசபை மாறினாலும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு ஏன், பிரதமர் வீட்டில் எலி பிடிக்க 2011ல் வந்த லாரி என்ற பூனையின் உத்தியோகம் கூட 2024 தேர்தலில் போகவில்லை!

இந்தச் சிப்பந்திகளுக்கு யுனைட், ஜி.எம்.பி. சங்கங்களில் கிளைகள் உண்டு. ஆனால் 650 எஜமானர்களிடம் தனித்தனியாகப் பேரம் பேசி எந்தச் சங்கம் கரையேறும்? சம்பளம் கொடுக்கும் கை ஒன்று. எஜமானரும் ஒன்றாக இருக்கட்டும். மனு வேலை பார்க்கிறவரை அந்தத் தொகுதியிலேயே, யார் ஜெயித்தாலும், வேலையில் வைக்கட்டும். வேறு மெம்பரிடம் போக விரும்புகிறவருக்குப் பழைய சர்வீசைச் சேர்த்து எண்ணட்டும்.

அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் வந்தாக வேண்டும். 2024ல் ஜெயித்த 411 லேபர் மெம்பர்களிடம் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் மெம்பர்தான் எஜமானர். தொழிலாளர் பெயரைத் தாங்கிய கட்சியின் மெம்பர்களிடம் அவர்கள் இதை இப்போதே கேட்க வேண்டும்.