வளைந்த கால் விரலுக்கு ஆபரேஷன் வேண்டுமா?



"சார், கால் விரல் வளைந்து மேலே ஆணி மாதிரி தடித்துப்போச்சு. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க, பண்ணலாமா?" என்று ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருவர் கேட்டார். உங்களில் பலருக்கும் பயன்படும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. படித்துத் தெரிந்துகொண்டதை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன்.

இதற்கு ஹேமர் டோ என்று பெயர். விரலின் நடு மூட்டு மேலே தூக்கி, நுனி கீழே குத்தி, சுத்தியல் போல நிற்கும். பெரும்பாலும் பெருவிரலுக்கு அடுத்த விரலில் வரும். முனை குறுகிய, அளவு சிறிய ஷூ ஒரு காரணம். சர்க்கரை நோய் இன்னொரு காரணம். நரம்பு கெட்டு, பாதத்தின் சின்னத் தசைகள் வலுவிழந்தால், நீளத் தசைநாண்கள் விரலை இழுத்து வளைத்துவிடும். கூடவே கால் மரத்துப்போவதால் புண் வந்தாலும் வலிக்காது. ஆபத்தே அங்கேதான்.

இதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் நம் வேலூரும் ஒன்று. 1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் காயப்பட்டுத்தான் அழிகின்றன என்று எடுத்துக்காட்டினார். தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் இந்தப் பணி வளர்ந்தது. அவர்கள் கத்தியோடு நிற்கவில்லை. மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பையும் சிகிச்சையாகவே நினைத்தார்கள்.

அந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். முதல் வைத்தியம் செருப்புதான். முன்பக்கம் அகலமான, ஆழமான, மெத்தென்ற செருப்புக்கு மாறுங்கள். வலியும் புண்ணும் இல்லாத விரலை அழகுக்காக அறுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

செருப்பு மாற்றியும் வலியோ புண்ணோ தொடர்ந்தால் ஆபரேஷனைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். கையால் நிமிர்த்தினால் விரல் நிமிர்கிறதா என்பதுதான் முக்கியக் கேள்வி. நிமிர்ந்தால் வேலை சுலபம். அடிப்பக்கத் தசைநாணைச் சின்னதாக வெட்டிவிடுவார்கள், அல்லது அதை மேல்பக்கம் மாற்றித் தைப்பார்கள். வெட்டிவிடுவது மட்டும் என்றால், விரலை மரக்கவைத்துச் செய்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். விரல் இறுகிப்போயிருந்தால் எலும்பில் கை வைக்க வேண்டும். மூட்டில் கொஞ்சம் எலும்பை எடுப்பார்கள், அல்லது மூட்டையே நேராகச் சேர்த்து ஒட்டவைப்பார்கள். சில வாரம் மெல்லிய கம்பி இருக்கும். ஒட்டிய மூட்டு பிறகு மடங்காது. வீக்கம் வற்ற மாதக்கணக்கில் ஆகலாம். கிருமித் தொற்று வரலாம், விரல் மறுபடி வளையவும் கூடும்.

ஆகவே சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான்: விரல் நிமிரும் நிலையில் இருக்கும்போதே காட்டிவிடுங்கள். வளைந்த விரலின் நுனியில் தடிப்போ புண்ணோ வந்தால் அந்தச் சின்ன ஆபரேஷனைச் செய்துகொள்ளும்படி சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. விட்டுவிட்டால் புண் எலும்புக்குப் போய், விரலையே எடுக்க வேண்டிவரும். ஆணியை பிளேடால் சீவாதீர்கள். கடையில் விற்கும் ஆணி பிளாஸ்டரையும் ஒட்டாதீர்கள். அதில் உள்ள மருந்து நல்ல தோலையும் அரித்துவிடும்.

டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா? சர்க்கரை எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்? கம்பி எத்தனை நாள்? எப்போது வேலைக்குப் போகலாம்? நின்றே வேலை செய்பவர்களுக்குக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். லீவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஊருக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிறவர்கள் நாம். நம் காலையும் கொஞ்சம் பார்ப்போம். இன்று இரவு படுக்கும் முன் அப்பா, அம்மா, பாட்டி, தாத்தா காலைக் கையில் எடுத்து, விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் பாருங்கள். இதுதான் இன்றைய வீட்டுப்பாடம்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர், குடியாத்தம்