பரங்கிக்காய் டோனட்டும் அதன்மேல் நாம் ஒட்டும் பெயர்ச்சீட்டுகளும்

அக்டோபர் பிறந்துவிட்டால் வட அமெரிக்காவின் கடைகளெங்கும் செம்மஞ்சள் நிறம் பரவிவிடும். காப்பி முதல் மெழுகுவர்த்தி வரை எல்லாவற்றிலும் 'பம்ப்கின் ஸ்பைஸ்' மணம் ஏறும். டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போதே அந்த மணத்தோடும் கேள்வியோடும் வருகிறார்கள். வகுப்பில் எல்லோரும் உண்ட டோனட்டைத் தாங்கள் மட்டும் ஏன் தொடக்கூடாது என்பது அவர்களுடைய கேள்வி. கடையில் வாங்க மனம் ஒப்பாத உம்மாமார்கள் அதை வீட்டு அடுப்பிலேயே சுட்டுத் தரத் தொடங்கியிருக்கிறார்கள். இது வரவேற்கத்தக்கது.

ஆனால் இச்செய்முறை குடும்பக் குழுக்களில் கைமாறும்போது அதனுடன் மூன்று சொற்களும் ஒட்டிக்கொண்டு பயணிக்கின்றன. பூசணி 'சுன்னத்தான காய்' என்பது ஒன்று. 'வீட்டில் செய்தது, ஆகவே ஹலால்' என்பது மற்றொன்று. 'பொரிக்காமல் சுட்டது, ஆகவே உடலுக்கு நல்லது' என்பது மூன்றாவது. இம்மூன்றையும் நாம் ஆராயாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதே நம் கவலை.

முதலாவதையே சற்று விரிவாகப் பார்ப்போம். ஏனெனில் அது மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுகிறது.

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. தையற்காரர் ஒருவர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், 'துப்பா'வும் உப்புக்கண்டமும் இட்ட ஆணமும் பரிமாறப்பட்டன. நபி (ஸல்) அவர்கள் தட்டின் ஓரங்களில் துப்பாவைத் தேடித் தேடி எடுத்து உண்டதை அனஸ் (ரலி) கண்டார்கள். அன்றிலிருந்து அக்காய் தமக்கும் விருப்பமானதாகிவிட்டது என்கிறார்கள். நபியவர்கள் விரும்பியதைத் தாமும் விரும்புவது நற்செயல் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில் இந்த ஹதீஸை ஒட்டி எழுதியுள்ளார்கள். இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

அந்தத் 'துப்பா' எந்தக் காய் என்பதில்தான் நாம் வழிதவறுகிறோம். அது சுரைக்காய். இதற்கு ஹதீஸ் நூல்களுக்குள்ளேயே தெளிவான சான்று உண்டு. அப்துல் கைஸ் தூதுக்குழுவினரிடம், போதையேறும் பானங்கள் தயாரிக்கப் பயன்பட்ட சில பாத்திரங்களை நபி (ஸல்) அவர்கள் விலக்கினார்கள். அவற்றுள் ஒன்று துப்பா. பாத்திரங்களைப் பற்றிய அந்தத் தடை பின்னர் நீக்கப்பட்டது, போதையின் தடை மட்டும் நிலைத்தது என்பது வேறு செய்தி. முற்றிக் காய்ந்த ஓடு குடுவையாகும் காய் எது என்று நம் கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். சுரைக்குடுவை நமக்குப் புதிதன்று.

டோனட்டில் சேரும் மஞ்சள் பூசணியோ அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. 1492ஆம் ஆண்டு கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே அது உலகின் இப்பகுதிக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் வாழ்ந்த மதீனாவில் அது இருந்திருக்க வழியில்லை. இன்றைய அரபியில் 'துப்பா', 'கர்உ', 'யக்தீன்' ஆகிய சொற்களைப் பூசணிக்கும் வழங்குவதால் இந்தக் குழப்பம் பிறந்தது. யூனுஸ் (அலை) அவர்களுக்காக அல்லாஹ் முளைக்கச் செய்ததாகக் குர்ஆன் கூறும் 'யக்தீன்' கொடியையும் சிலர் இதே பூசணியாக மொழிபெயர்த்துவிடுகிறார்கள். நம் தமிழ் இவ்விடத்தில் உண்மையை மறைக்கவில்லை. இக்காய்க்கு நாம் இட்ட பெயரே பரங்கிக்காய். பரங்கியர் காலத்தில் வந்த காய் என்பதை அது தன் பெயரிலேயே சுமந்து நிற்கிறது.

சிறிய விஷயத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று சில சகோதர சகோதரிகள் கேட்கலாம். நபி (ஸல்) அவர்கள் செய்யாத ஒன்றை அவர்கள் செய்ததாகச் சொல்வதற்குரிய எச்சரிக்கை எவ்வளவு கடுமையானது என்பதை நாம் அனைவரும் அறிவோம். குழுச் செய்தியை அனுப்பும் சகோதரி வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆயினும் கேட்டதையெல்லாம் சோதிக்காமல் பரப்புவதையும் ஹதீஸ் கண்டிக்கிறது. இதைவிட எங்களை வருத்துவது பிள்ளைகளைப் பற்றிய எண்ணம். 'சுன்னத்' என்று கேட்டுக்கொண்டே இனிப்பு உண்ணும் பத்து வயதுச் சிறுவன், பதினாறு வயதில் பள்ளிப் பாடத்தில் பூசணியின் பிறப்பிடத்தைப் படிக்கத்தான் போகிறான். அன்று அவன் சந்தேகப்படுவது பூசணியை மட்டுமாக இராது.

பூசணிக்குச் சுன்னத் என்ற பட்டம் தேவையுமில்லை. தடை வராத உணவு ஆகுமானது என்பதே மார்க்கத்தின் அடிப்படை விதி, அது போதும். அனஸ் (ரலி) அவர்களின் விருப்பத்தைப் பின்பற்ற விரும்புவோர் சுரைக்காய் இட்டு இறைச்சி ஆணம் காய்ச்சலாம். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுன்னத்துக்கு உழைப்பு அதிகம்தான்!

அக்டோபர் 31 அன்று பூசணியைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கேற்றும் வழக்கத்தையும் இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் நாம் பங்கெடுப்பதில்லை. ஆனால் காயின் சதையை வேகவைத்து உண்பதும் இலையுதிர்காலத்தில் அதன் பலகாரத்தைச் சுவைப்பதும் எவருடைய வழிபாடும் ஆகா. பிள்ளைகளிடம் இந்த வேறுபாட்டைச் சொன்னால் அவர்கள் எளிதில் புரிந்துகொள்கிறார்கள்.

இனி, வீட்டில் செய்தால் ஹலால் என்ற கூற்று. கடை டோனட்டை நாம் தவிர்ப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. மாவில் சேரும் ஈ471 என்னும் கொழுப்புப்பொருள் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். மாவை இளக்கச் சேர்க்கும் ஈ920, பறவை இறகிலிருந்தோ பன்றி மயிரிலிருந்தோ எடுக்கப்பட்டிருக்கலாம். நொதிக்கச் செய்தும் தயாரிக்கிறார்கள். எது எதிலிருந்து வந்தது என்பதைப் பொட்டலம் சொல்வதில்லை. வீட்டு அடுப்பு இந்த ஐயங்களை நீக்கிவிடுகிறது. ஆனால் அதே வீட்டு அலமாரியில் வெனிலா எசன்ஸ் புட்டி நிற்கிறது. அமெரிக்காவில் 'வெனிலா எக்ஸ்ட்ராக்ட்' என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 35 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு உணவுச் சட்டம். சுடும்போது ஆவியாகிவிடும் என்று சிலர் அமைதி அடைகிறார்கள். இது குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் சொல்வது இதுதான்: வெனிலாப் பொடியோ கிளிசரினில் கரைத்த வெனிலாவோ கிடைக்கும்போது ஐயத்துக்குரியதை ஏன் நாட வேண்டும்? அதுவும் வேண்டாமென்றால் ஏலக்காய் இருக்கிறது. பரங்கிக்காயோடு ஏலக்காய் பொருந்துவதுபோல் வெனிலா பொருந்துவதில்லை என்பது எங்கள் தனிப்பட்ட சுவை.

மசாலாவைப் பற்றியும் ஒரு சொல். மக்கார்மிக் நிறுவனம் 1934இல் 'பம்ப்கின் பை ஸ்பைஸ்' என்ற கலவையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003இல் ஸ்டார்பக்ஸ் அதை லாட்டேயில் கலந்தபோது அதன் புகழ் பன்மடங்கானது; அந்தப் பானத்தில் உண்மையான பூசணி சேர்ந்ததோ 2015இல்தான். கலவையில் இருப்பவை பட்டை, சுக்கு, கிராம்பு, சாதிக்காய், சிலவேளை ஆல்ஸ்பைஸ். கடைசி ஒன்றைத் தவிர மற்றவை நம் சமையலறையில் என்றும் உள்ளவை. இலங்கையின் பட்டையும் மலுக்கு, பண்டா தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் முஸ்லிம் வணிகர்களின் மரக்கலங்களில் பல நூற்றாண்டுகள் பயணித்தவை. அவற்றை அமெரிக்கப் புட்டியில் அதிக விலைக்கு வாங்குவது நமக்குத் தேவையா? பட்டைத்தூள் 3 தேக்கரண்டி, சுக்குத்தூள் 1, சாதிக்காய்த்தூள் அரை, கிராம்புத்தூள் கால் தேக்கரண்டி கலந்து வைத்தால் பருவம் முழுவதற்கும் போதும்.

இதில் சாதிக்காய் கவனத்துக்குரியது. மிகுதியாக உண்டால் அது மயக்கத்தை உண்டாக்கும் என்பதால் ஃபிக்ஹு நூல்களில் அது நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைத்தமீ (ரஹ்) அதைக் கடுமையாக அணுகியவர். மணத்துக்காகச் சேர்க்கும் சிறிதளவு ஆகும் என்போரும் உள்ளனர். தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடப்பதே முறை. விலக்குவோர் அதற்குப் பதிலாகச் சுக்கைக் கூட்டிக்கொண்டால் சுவை பெரிதாகக் குறைவதில்லை.

மூன்றாவது சொல்லான 'உடலுக்கு நல்லது' என்பதைக் கணக்கே மறுத்துவிடும். ஆறு டோனட்டுக்கு 80 கிராம் சர்க்கரை என்ற சிக்கனமான அளவை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 13 கிராம் ஆகிறது. மேலே பட்டைச் சர்க்கரையில் புரட்டினால் இன்னும் 4 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிற்பது சிறந்தது என்கிறது. இரண்டு டோனட் அந்த எல்லையைத் தாண்டிவிடும். சுடுவதால் பொரித்த எண்ணெய் குறைகிறது, உண்மை. மைதாவும் சர்க்கரையும் குறைவதில்லை. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடு வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. நீரிழிவு உள்ள வாப்பாவுக்கு 'இது சுட்டதுதான், சாப்பிடுங்கள்' என்று தட்டை நீட்டும் அன்பு அவருக்குத் தீங்காகவே முடியும். இது எப்போதாவது உண்ணும் இனிப்பு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். பண்டிகைக்கு வட்டலப்பம் செய்யும்போது நாம் அதை மருந்தென்று சொல்வதில்லையே!

செய்முறைக்கு வருவோம். செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய பூசணி நீர்த்தது, நார் மிகுந்தது, சுவையற்றது, அதை வாங்காதீர்கள். அமெரிக்க டப்பாக்களில் வரும் பூசணி விழுது பெரும்பாலும் டிக்கின்சன் என்னும் வகை. அது நம் பரங்கிக்காயின் இனத்தையே சேர்ந்தது. ஆகவே இந்தியக் கடைகளில் துண்டாக வெட்டி விற்கும் பரங்கியே தாராளமாகப் போதும். டப்பா வாங்குவோர் 'பை ஃபில்லிங்' என்று எழுதியதை எடுத்துவிடக் கூடாது. அதில் சர்க்கரை முன்னரே சேர்ந்திருக்கும். தோலும் விதையும் நீக்கிய 200 கிராம் துண்டை நீரில் இடாமல் ஆவியில் வேகவைத்து, மசித்து, மெல்லிய துணியில் அரைமணி நேரம் வடிய விடுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் டோனட் களியாகிவிடும்.

வடிந்த விழுதில் 120 கிராம் எடுத்து, அதனுடன் ஒரு முட்டை, 80 கிராம் பழுப்புச் சர்க்கரை, 50 மில்லி எண்ணெய், 60 மில்லி பால் சேர்த்துக் கலக்குங்கள். 125 கிராம் மைதா, 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு, 1 தேக்கரண்டி மசாலாக் கலவை ஆகியவற்றைச் சலித்து அதில் சேருங்கள். மாவு மறையும் வரை கலந்தால் போதும். மேலும் கலக்கினால் ரப்பர் போலாகும். எண்ணெய் தடவிய வளைய அச்சில் முக்கால் பங்கு நிரப்பி, 180 டிகிரி செல்சியஸில் 12 முதல் 14 நிமிடம் சுடுங்கள். ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, ஒட்டாவிட்டால் எடுத்துவிடலாம். கடை டோனட்டின் மொறுமொறுப்பை எதிர்பார்க்க வேண்டாம். இது வளைய வடிவிலான கேக் என்று முன்னரே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் ஏமாற்றம் இராது.

இந்த வேலையெல்லாம் உம்மாவின் தலையில் மட்டும் விழ வேண்டுமா என்பதையும் வீட்டு ஆண்கள் எண்ணிப் பார்க்கலாம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது. காய் வெட்டுவதும் துணியைப் பிழிவதும் பாத்திரம் கழுவுவதும் வாப்பாக்களாலும் ஆகக்கூடிய வேலைகளே. பத்து வயதுப் பையன் மாவைச் சலிக்கலாம். ஆறில் இரண்டை அண்டை வீட்டுக்கு அனுப்பலாம், அவர்கள் எந்தச் சமயத்தவராயினும். அப்போது நம் தட்டில் மிஞ்சுவதும் அளவோடு நிற்கும்.

வளைய அச்சு இல்லாதோர் அதற்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. மஃபின் தட்டின் குழிகளில் அலுமினியத் தாளைச் சிறு கூம்புகளாகச் சுருட்டி நடுவில் நிறுத்தி, சுற்றிலும் மாவை ஊற்றினால் துளை விழும். கூம்பின் மேல் எண்ணெய் தடவ மறக்க வேண்டாம்.