காற்றை அளந்து கொடுங்கள்

ஏடிவி கவிழ்ந்து ஒருவர் அடிபட்டார் என்று செய்தி வந்தால் அதற்கு அடுத்த வரி எப்போதும் தயாராக இருக்கிறது: ஓட்டியவருக்குப் பழக்கமில்லை, வேகமாகப் போனார், ஹெல்மெட் போடவில்லை. மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அன்று காலை வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது நான்கு டயரிலும் எவ்வளவு காற்று இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், பதில் சொல்வதற்கான கருவி நம் பட்டறைகள் பலவற்றில் கிடையாது. இந்த இதழை வாசிப்பவர்கள் மெக்கானிக்குகள், விடுதிகளிலும் சாகசப் பூங்காக்களிலும் வண்டிகளைப் பார்த்துக்கொள்பவர்கள், ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள். எனவே ஓட்டுபவருக்குச் சொல்லும் புத்திமதிகளை இம்முறை ஓரம் வைத்துவிட்டு நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம்.

கார் டயருக்கு 30 பிஎஸ்ஐ-யை ஒட்டிக் காற்று பிடிக்கிறோம். ஏடிவி டயருக்கு, மாடலைப் பொறுத்து, 3 முதல் 7 பிஎஸ்ஐ போதும். பெட்ரோல் பங்க் மீட்டரையோ பஞ்சர் கடைப் பென்சில் கேஜையோ வைத்து இதை அளக்க முடியாது. அவை நம்பும்படியாகக் காட்டத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நம் கணக்கு முடிந்துவிடுகிறது. தேவை 0 முதல் 10 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் லோ பிரஷர் கேஜ். அதன் முகப்பில் அரை பிஎஸ்ஐ வித்தியாசமும் தெரிய வேண்டும். ஓடி வந்த சூட்டோடு அளக்கக் கூடாது, டயர் ஆறியபின் அளக்க வேண்டும்.

அரை பிஎஸ்ஐ-க்கு இவ்வளவு மெனக்கெடலா என்று கேட்பவர்கள் உண்டு. கார் டயரில் 1 பிஎஸ்ஐ கூடினாலும் குறைந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. 4 பிஎஸ்ஐ கேட்கும் டயரில் 1 பிஎஸ்ஐ கூடினால் அது 25 சதவீதம். பின்னால் இடது டயரில் 5, வலது டயரில் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமை ஏறியதும் வலது டயர் அதிகமாக அமுங்கும். இரண்டும் வெவ்வேறு அளவுச் சக்கரங்கள் போலத்தான் உருளும். டிஃபரன்ஷியல் இல்லாமல் பின் ஆக்சில் ஒரே தண்டாக இருக்கும் மாடல்களில் இது உடனே கைக்குத் தெரியும்: வண்டி காற்றுக் குறைந்த பக்கமாக இழுக்கும். சமதரையில் அது எரிச்சல், அவ்வளவுதான். சரிவில் குறுக்காகப் போகும்போது இழுப்பு பள்ளத்துப் பக்கமாக இருந்தால் வேறு கதை. காற்று சமமாக இருந்தும் இழுத்தால் இரண்டு டயரின் சுற்றளவையும் டேப் வைத்துப் பாருங்கள். ஒன்று தேய்ந்தது, ஒன்று புதியது என்ற ஜோடிகள் நம் ஷெட்டுகளில் சகஜம்.

இந்த வண்டியின் பிறப்பே டயரில்தான். ஹோண்டா 1970-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த யுஎஸ்90 என்ற மூன்று சக்கர வண்டியில் ஸ்பிரிங் சஸ்பென்ஷன் இல்லை. பலூன் போன்ற பெரிய டயர்களே குலுக்கலை வாங்கிக்கொண்டன. சுசுகியின் நான்கு சக்கர குவாட்ரன்னர் 1982-ல் வந்தது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இப்போது வந்துவிட்டாலும் முதல் அடியைத் தாங்குவது டயர்தான். அதை இறுக்கிவிட்டால், சரிவில் மேட்டுப் பக்கச் சக்கரம் கல்லில் ஏறும்போது அமுங்கிக் கொடுக்காமல் துள்ளுகிறது. துள்ளும் அந்த நொடியில் எடை முழுவதும் பள்ளத்துப் பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. காற்று மிகக் குறைந்தாலும் ஆபத்துதான்: திருப்பத்தில் டயரின் பக்கச்சுவர் மடங்கும், ரிம்மை விட்டுக் கழன்றும் போகலாம்.

பஞ்சர் கடையில் நடக்கும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ட்யூப்லெஸ் டயரைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டி மாட்டும்போது, ஓரம் ரிம்மில் பொருந்தி உட்கார, ஓடும் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு காற்று ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கு எவ்வளவுதான் போகலாம் என்ற உச்சவரம்பு டயரின் பக்கச்சுவரிலேயே அச்சாகியிருக்கும். இரண்டு பக்கமும் 'டப்' என்று சத்தம் கேட்டு உட்கார்ந்ததும் காற்றை இறக்கி, ஓட்டத்துக்கான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நடப்பது என்ன? பஞ்சர் ஒட்டியவர் டயரில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்க்கிறார், அதுதான் அளவு என்று எண்ணி அப்படியே விட்டுவிடுகிறார். டயர் கல் மாதிரி இருக்கிறது, கடைக்காரருக்கும் திருப்தி, ஓனருக்கும் திருப்தி. ஓடும் அழுத்தத்தின் எண்ணை டயரில் தேடாதீர்கள். வண்டியின் மட்கார்டிலோ சட்டத்திலோ ஒட்டிய ஸ்டிக்கரிலும் ஓனர் மேனுவலிலும்தான் இருக்கும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் அந்த எண்ணைப் பெயின்டால் எழுதி வையுங்கள். அழகு கெடும் என்று ஓனர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

இந்த வண்டிகளைப் பற்றி உலகத்திலேயே அதிகம் சண்டை நடந்த இடங்களில் ஒன்று ஆஸ்திரேலியா. பண்ணைகளில் ஆடு மாடு மேய்க்கவும் களைக்கொல்லி தெளிக்கவும் அங்கே குவாட் பைக் என்று அழைக்கப்படும் இந்த வண்டிகள் சாதாரணம். இறப்புகளும் அப்படியே. பண்ணைச் சாவுகளில் பல, வேகத்தில் மோதி நேர்ந்தவை அல்ல. மெதுவாகப் போன வண்டி கவிழ்ந்து, அடியில் சிக்கியவர் மார்பில் பாரம் அழுத்தி மூச்சு முட்டி இறந்தவை. ஒரு வேலை வண்டியின் எடை சுமை இல்லாமலே ஏறக்குறைய 300 கிலோ. தனியாளாகத் தூக்கிவிட முடியாது, பண்ணையில் கூப்பிடு தூரத்தில் ஆளும் இருக்காது. ஹெல்மெட் அவசியம்தான். ஆனால் மார்பின் மேல் கிடக்கும் வண்டியை ஹெல்மெட் என்ன செய்யும்?

2019-ல் அந்நாட்டு அரசு பாதுகாப்புத் தரநிலை ஒன்றைக் கட்டாயமாக்கியது. முதல் கட்டமாக 2020 அக்டோபர் முதல், எத்தனை டிகிரிச் சரிவில் இந்த வண்டி சாயும் என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டுத்தான் கடையில் விற்க வேண்டும். 2021 அக்டோபர் முதல், பொதுப் பயன்பாட்டு குவாட் பைக்குகள் பக்கவாட்டில் 28.8 டிகிரிக்குக் குறைந்த சரிவில் இரண்டு சக்கரத்தில் நிற்கும் அளவுக்குச் சாயக் கூடாது. முன்னும் பின்னும் அந்த வரம்பு 38.65 டிகிரி. கூடவே, கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் இடைவெளி தரும் காப்புக் கம்பியும் பொருத்தியிருக்க வேண்டும். காப்புக் கம்பியே ஆபத்தாகலாம், பயிற்சியும் ஹெல்மெட்டும் போதும் என்று தயாரிப்பாளர்கள் வாதாடினார்கள். ஹோண்டாவும் யமஹாவும் அந்தச் சந்தையில் குவாட் பைக் விற்பனையிலிருந்தே விலகிக்கொண்டன.

ஆள் திருந்த வேண்டுமா, வண்டி திருந்த வேண்டுமா என்ற அந்த வழக்கில் நாம் வண்டியின் பக்கம்தான் முதலில் கை வைக்கச் சொல்வோம். ஆள் தினமும் மாறுகிறார், களைத்துப்போகிறார், செல்ஃபி எடுக்கிறார். வண்டி மாறுவதில்லை, நாம் மாற்றினால் ஒழிய. அந்த 28.8 டிகிரியும் தயாரிப்பாளர் சொன்ன நிலையில் நிற்கும் வண்டிக்குத்தான். ஒரு பக்க டயர் தளர்ந்து, பின் கேரியரில் பாதி நிரம்பிய தெளிப்புத் தொட்டி அலைந்துகொண்டிருக்கும் வண்டிக்கு அந்த எண் பொருந்தாது.

அதற்காக இந்த இதழைக் கீழே வைத்ததும் லேத் பட்டறைக்குப் போய் ஒன்றரை இஞ்ச் பைப்பை வளைத்துக் கேரியரில் வெல்டு வைத்துவிட வேண்டாம். சோதித்துத் தேர்ந்த காப்புக் கம்பி வேறு, கண்ணால் பார்த்துச் செய்தது வேறு. கேரியர் கம்பி சாமான் சுமக்கச் செய்தது. கவிழும் வண்டியின் பாரத்தைத் தாங்காது. மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வண்டியின் எடை மையத்தையும் உயர்த்தும்.

வெல்டிங் பேச்சு வந்ததால் இன்னொன்று. ஏடிவி சீட் நீளமாக இருப்பது பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ள அல்ல. ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து உட்காரத்தான். ஏற்றத்தில் முன்னால் சாய வேண்டும், இறக்கத்தில் பின்னால் நகர வேண்டும், திருப்பத்தில் உள்பக்கம் எடையைப் போட வேண்டும். 300 கிலோ வண்டியில் 70 கிலோ மனிதர் என்பது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கம். பின்னால் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டால் ஓட்டுபவரால் நகர முடியாது, ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகிறது. இது தெரிந்தும் விடுதிக்காரர் கேட்டார் என்று ஒற்றையாள் வண்டிக்குப் பின் சீட்டும் முதுகுச் சாய்மானமும் பிடிகம்பியும் அடித்துக் கொடுக்கும் பட்டறைகள் நம்மிடையே இருக்கின்றன. இரண்டு பேருக்கென்றே சக்கர இடைவெளியை நீட்டிச் செய்த மாடல்கள் சந்தையில் உண்டு. கான்-ஆம் அவுட்லேண்டர் மேக்ஸ் ஒன்று, போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் டூரிங் இன்னொன்று. ஜோடியாகத்தான் ஓட்ட வேண்டுமென்றால் விடுதி அதை வாங்கட்டும். சீட் அடித்துத் தர மாட்டேன் என்று சொல்வதால் போகும் வருமானம் உண்மைதான். போகட்டும்.

பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கும் ஒரு விஷயத்தை மெக்கானிக் எப்படிப் பொய்யாக்கிவிட முடியும் என்பதற்கு ஏற்றம் நல்ல உதாரணம். பாதி மேட்டில் இன்ஜின் திணறி வண்டி பின்னோக்கி உருள ஆரம்பித்தால் பின் பிரேக்கை அழுத்தக் கூடாது. வண்டி பின்பக்கமாகப் புரளும். எடையை மேட்டுப் பக்கம் போட்டு முன் பிரேக்கை மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும். சரியான பாடம். ஆனால் முன் டிஸ்க் பேடுகளில் சேறும் மணலும் சேர்ந்து லைனிங் தேய்ந்து, லீவர் ஹேண்டில்பார் வரை வந்தால்? மாணவர் சொன்னதைச் செய்கிறார், வண்டி நிற்பதில்லை. சேற்றில் ஓடும் வண்டிக்கு பேடின் ஆயுளைக் கிலோமீட்டரில் கணக்கிடுவது வீண். ஒவ்வொரு கழுவலிலும் காலிப்பருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். நிறம் கறுத்திருந்தால் அளவு சரியாக இருந்தாலும் மாற்றுங்கள்.

அந்த ஏற்றத்தில் இன்ஜின் திணறாமலே இழுவை போவதும் உண்டு. சிவிடி பெல்ட் வண்டிகளில் பெல்ட் பளபளத்துவிட்டாலோ, ஓடையைக் கடக்கும்போது கிளட்ச் கவருக்குள் தண்ணீர் புகுந்தாலோ இன்ஜின் அலறும், சக்கரம் சுற்றாது. கவரில் வடிகால் அடைப்பான் இருந்தால் திறந்து தண்ணீரை வடியுங்கள், நியூட்ரலில் சற்று ரேஸ் கொடுத்துக் காய வையுங்கள். பாரத்தோடும் ஏற்றத்திலும் ஹை கியரில் ஓட்டுவதுதான் பெல்ட்டைத் தின்கிறது. லோ கியர் எதற்கு இருக்கிறது என்று விடுதி ஆட்களுக்கு ஒருமுறை உட்காரவைத்துச் சொன்னால் பாதிப் பெல்ட் மிச்சம். சில மாடல்களில் ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டால் கிளட்ச் பிரிந்து வண்டி இறக்கத்தில் தன்போக்கில் உருளும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

ஏர் ஃபில்டரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை, ஒன்றைத் தவிர: ஃபோமைப் பெட்ரோலில் அலசாதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். ஆயில் பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சர்வீஸ் இடைவெளியை ஹவர் மீட்டர் பார்த்து வையுங்கள். நாள் முழுக்க முதல் கியரில் ஊர்ந்த வண்டியின் கிலோமீட்டர் பொய் சொல்லும்.

ஆக்ஸிலேட்டர் அப்படிக் கடந்துபோகக் கூடியதல்ல. கட்டைவிரலால் அழுத்தும் அந்த லீவரை விட்டதும் 'சட்'டென்று திரும்ப வேண்டும், ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது மட்டும் அல்ல, முழுக்க இடதுபக்கம் திருப்பியும், முழுக்க வலதுபக்கம் திருப்பியும். கேபிள் எங்கோ இறுக்கமாகப் போயிருந்தால் திருப்பும்போது தானாக இழுபட்டு ரேஸ் ஏறும். கடற்கரை வண்டிகளில் உப்பும் மணலும் உறைக்குள் போய்க் கேபிள் பிடித்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்துவிட்டு மூன்று நிலையிலும் அழுத்தி விட்டுப் பாருங்கள்; அரை நிமிட வேலை. அதே மாதிரி முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கும் பால் ஜாயிண்டும் பேசும், இரு பக்கமும் பிடித்து ஆட்டினால் டை ராட் பேசும். கோன் வடிவ நட்டுகளின் கூம்புப் பக்கம் ரிம்மைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்ட நட்டு இறுகியது போலவே தோன்றும்.

பித்தாம்பூரில் நடக்கும் பாஹா போட்டிக்கு ஏடிவி செய்துகொண்டு போகும் நம் இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகள் இதில் நம்மைவிடக் கறார். நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு நிற்கிறதா, கில் சுவிட்ச் அடித்ததும் இன்ஜின் அணைகிறதா என்று காட்டாமல் அங்கே வண்டி பாதைக்குள் போக முடியாது. காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களை ஏற்றும் வண்டிக்கு அந்த அளவு சோதனைகூட இல்லை. ஜாப் கார்டில் நான்கு டயரின் காற்றளவுக்கும் தனித்தனியாக நான்கு கட்டம் போடுங்கள், எண் எழுதாமல் சாவி கொடுக்காதீர்கள். 'ஓகே' என்று டிக் அடிப்பது எண் ஆகாது.

கடைசியாகக் குழந்தைகள். அமெரிக்காவில் 1988-ல் நீதிமன்ற ஒப்பந்தத்தின்படி புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. 90 சிசி-க்கு மேற்பட்ட வண்டி 16 வயதுக்குக் கீழானவர்களுக்கு இல்லை என்ற எச்சரிக்கையும் அதில் இடம்பெற்றது. இங்கே விடுமுறை நாட்களில் 10 வயதுப் பையன் பெரிய வண்டியில் உட்காருவதும், அப்பா வீடியோ எடுப்பதும் சாதாரணம். கால் ஃபுட்பெக்கை எட்டாத பிள்ளையால் எடையை மாற்ற முடியாது என்பதைப் பயிற்சியாளர் சொல்லிப் புரியவைக்கட்டும். சிறிய வண்டிகளில் ஆக்ஸிலேட்டர் உறையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்குரூ ஒன்று இருக்கும். வண்டி மெதுவாகப் போகிறது, அதைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள் என்று யார் வந்து கேட்டாலும் முதலில் ஓட்டப்போவது யார், வயது என்ன என்று கேளுங்கள். பதிலை ஜாப் கார்டில் எழுதி, கேட்டவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டபின் ஸ்குரூ டிரைவரை எடுக்கலாமா என்று யோசியுங்கள்.