தஞ்சைக்கு முன் கடாரம்

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் அன்பர்கள் பலர் தமிழகத் திருத்தலங்களுக்குப் புறப்படுகின்றனர். வரவேற்கத்தக்கதே. தஞ்சைப் பெரிய கோயிலைத் தரிசிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆயினும், அக்கோயிலில் இராசேந்திர சோழனின் கல்வெட்டு கூறும் கடாரம் நமது கெடா மாநிலமே என்பர் அறிஞர். 1025-ஆம் ஆண்டில் சோழர் கடற்படை வந்த அம்மண்ணை நம்மில் எத்தனை பேர் சென்று பார்த்துள்ளோம்?

குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் உள்ளது பூஜாங் பள்ளத்தாக்கு. மெர்போக் அருங்காட்சியகத்தை ஒட்டிய புக்கிட் பத்து பஹாட் சண்டி, சிவாலயமாக இருந்திருக்கலாம் எனக் கருதப்படுவது, 1960-இல் சீரமைக்கப்பெற்றது. கல் அடித்தளமும் சுவர்களின் கீழ்ப்பகுதியுமே இன்று எஞ்சியுள்ளன. கோபுரமில்லை, பூசையுமில்லை. 'அங்கே பார்க்க என்ன இருக்கிறது?' என்று கேட்போரும் உளர். அக்கேள்வியே எனக்கு வேதனையளிக்கிறது.

2013-இல் அப்பள்ளத்தாக்கின் பழஞ்சண்டி ஒன்று, நில மேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளிவந்த பின்னரே பலரும் குரல் எழுப்பினர். ஆண்டுதோறும் நமது பேருந்துகள் அங்குச் சென்றிருப்பின், இடிக்கத் துணிந்திருப்பார்களா?

வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டும் பல ஆயிரம் வெள்ளியும் வேண்டும். தைப்பூசத்திற்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்கு வரும் குடும்பங்களோ, மறுநாள் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் ஒரு காலைப்பொழுதில் மெர்போக்கைக் கண்டு திரும்பலாம். (தங்குமிடச் செலவும் இல்லை.) ஆலய நிர்வாகத்தினர் தங்கள் சமய வகுப்பு மாணவரை இவ்வாண்டு விடுமுறையில் அங்கு அழைத்துச் செல்ல வேண்டுகிறேன். மலையடிவாரமாதலால் பிள்ளைகளுக்குக் குடை கொடுத்தனுப்புக.